தந்தை கற்பித்த பாடம்
(மார்ட்டின் லூதர் கிங் வாழ்க்கை வரலாறு)

பத்தாம் வகுப்பு மாணவி

சின்னஞ்சிறு வயதில் நாம் சோறு உண்ண மறுத்து அடம் பிடித்தபோது, தெருமுனையில் நிற்கும் போலீஸ்காரரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவதாக அம்மா மிரட்டியது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். நாமும் பயந்துபோய் இரண்டு கவளம் கூடுதலாக உண்டிருப்போம். பள்ளிக்கு வந்த பின் அந்தப் பயம் தெளிந்தது. காவலர் நம் நண்பர் என்றும், திருவிழாக் கூட்டத்தில் வழி தவறினால் அவரிடம் சென்று வீட்டு முகவரியைச் சொல்ல வேண்டும் என்றும் ஆசிரியைகள் நமக்குக் கற்றுத் தந்தார்கள்.

அமெரிக்க நாட்டில் வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளும் இப்படித்தான் கற்று வளர்ந்தனர். ஆனால் அதே நாட்டில், அதே ஊரில், கறுப்பின மக்களின் வீடுகளில் பிள்ளைகளுக்கு வேறொரு பாடம் நடத்தப்பட்டது. காவலர் நிறுத்தினால் ஓடக் கூடாது. கைகளை அவர் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். எதிர்த்துப் பேசக் கூடாது. எப்படியாவது உயிரோடு வீடு வந்து சேர வேண்டும். இதுவே அந்தப் பாடம். ஒரே சட்டம், ஒரே காவலர். ஆனால் தோலின் நிறத்துக்கு ஏற்ப இரண்டு பாடங்கள்!

இந்த இரண்டாவது பாடத்தைக் கேட்டு வளர்ந்தவரும், அதைத் தம் வாழ்வால் மாற்றி எழுத முயன்றவருமான மார்ட்டின் லூதர் கிங் அவர்களின் வரலாற்றை இம்மலரில் நாம் காண்போம்.

பிறந்த வீடு

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகர் அட்லாண்டா. அங்கு 1929ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15ஆம் நாள் மார்ட்டின் பிறந்தார். தந்தையின் பெயரும் மார்ட்டின் லூதர் கிங் என்பதே. வாரத்துக்கு நிலம் உழுத ஏழைக் குடும்பத்தில் பிறந்து, தம் முயற்சியால் கற்று, எபனேசர் பாப்டிஸ்ட் ஆலயத்தின் போதகராக உயர்ந்தவர் அவர். தாய் ஆல்பர்ட்டா அதே ஆலயத்தில் ஆர்கன் வாசித்தார். ஒரு தமக்கை, ஒரு தம்பி. அன்புக்கும் செபத்துக்கும் குறைவில்லாத இல்லம் அது.

வீட்டின் வாசலைத் தாண்டினால் உலகம் வேறாக இருந்தது. அடிமை முறை 1865ஆம் ஆண்டிலேயே ஒழிந்துவிட்ட போதிலும், தென் மாநிலங்களில் பள்ளி, உணவகம், பஸ், குடிநீர்க் குழாய் ஆகிய யாவும் வெள்ளையருக்கு வேறு, கறுப்பருக்கு வேறு என்று சட்டமே பிரித்து வைத்திருந்தது. அந்தச் சட்டத்தைக் காத்து நின்றவர் காவலர். அடிமைக் காலத்தில் தப்பியோடியவர்களைப் பிடிக்க ரோந்துப் படைகள் சுற்றி வந்ததை முதியவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தனர். அட்லாண்டா நகரில் 1948ஆம் ஆண்டில்தான் முதன்முதலாக 8 கறுப்பினக் காவலர்கள் நியமிக்கப்பட்டனர். அவர்களுக்கும் வெள்ளையரைக் கைது செய்யும் அதிகாரம் தரப்படவில்லை. ஆகவே சிறுவன் மார்ட்டின் தன் நிறத்தவர் ஒருவரைக் காவலர் உடையில் கண்டதே இல்லை.

தாய் மடியில்

மார்ட்டினுக்கு ஒரு வெள்ளைக்காரத் தோழன் இருந்தான். இருவரும் நாள்தோறும் சேர்ந்து விளையாடினர். பள்ளி செல்லும் வயது வந்ததும் இருவரும் வெவ்வேறு பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். அதன்பின், இனி உன்னோடு விளையாடக் கூடாது என்று தன் தந்தை சொல்லிவிட்டதாக அத்தோழன் தெரிவித்தான். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழுகையோடு வீட்டுக்கு ஓடிவந்தான்.

அன்னை அவனை மடியில் இருத்திக்கொண்டார். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட முன்னோர்களின் கதையையும், உள்நாட்டுப் போரையும், பின்னர் வந்த பிரிவினைச் சட்டங்களையும் சொன்னார். இவையெல்லாம் மனிதர் செய்து வைத்தவையே அன்றி இறைவன் வகுத்தவை அல்ல என்று விளக்கினார். நீ யாருக்கும் தாழ்ந்தவன் அல்ல என்பதை ஒருபோதும் மறக்காதே என்று முடித்தார்.

இதைப் படிக்கையில் நம் உள்ளம் உருகுகிறது. ஆறு வயதில் நம் அன்னையர் நமக்கு நிலாக் கதை சொன்னார்கள். அந்த அன்னையோ, உலகம் உன்னைத் தாழ்வாக நடத்தும் என்பதையும், அதை நீ நம்பாதே என்பதையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருந்தது.

சாலையோரத்தில் ஒரு நாள்

ஒருநாள் தந்தை காரை ஓட்ட, மார்ட்டின் அருகில் அமர்ந்து சென்றான். சாலையில் வண்டியை நிறுத்தச் சொல்லும் பலகை ஒன்றைத் தந்தை கவனியாமல் கடந்துவிட்டார். வெள்ளைக்காரக் காவலர் ஒருவர் வண்டியை மறித்து, பையா என்று அழைத்து, ஓட்டுநர் உரிமத்தைக் காட்டச் சொன்னார்.

தென் மாநிலங்களில் தலை நரைத்த கறுப்பரையும் பையா என்று அழைப்பதே வழக்கமாக இருந்தது. நம் ஊரில் வயதில் மூத்த ஒருவரை டேய் என்று கூப்பிடுவதற்கு அது ஒப்பாகும். தந்தை தம் மகனைச் சுட்டிக்காட்டினார். இவன்தான் பையன், நான் வளர்ந்த மனிதன் என்றார். அப்படியே தொடர்ந்து அழைத்தால் ஒரு சொல்லும் என் காதில் விழாததுபோல் இருக்க நேரும் என்றும் நிதானமாகச் சொன்னார். காவலர் திகைத்துப் போனார். கறுப்பர் ஒருவர் இப்படி நிமிர்ந்து பேசி அவர் கேட்டதில்லை. அவசர அவசரமாக அபராதச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அவ்விடம் விட்டு அகன்றார்.

தந்தை ஓடவில்லை, கையை ஓங்கவில்லை, வசைமொழி கூறவில்லை. சாலை விதியை மீறியதற்கான சீட்டை மறுக்கவுமில்லை. தம் தவற்றுக்கு உரியதை ஏற்றுக்கொண்டார். தமக்கு உரியதல்லாத இழிவை மட்டும் ஏற்க மறுத்தார். பக்கத்தில் இருந்த பிள்ளை இதை உயிருள்ளவரை மறக்கவில்லை.

ஆயினும் ஒன்றை நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இப்படிப் பேசிய எல்லாத் தந்தையரும் வீடு திரும்பவில்லை. அடி வாங்கியவர்களும் உயிர் இழந்தவர்களும் உண்டு. ஆகையால், தலை குனிந்து போ மகனே என்று சொன்ன தாய்மாரைக் கோழைகள் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. அவர்களுக்குப் பிள்ளையின் மானத்தைவிடப் பிள்ளையின் உயிர் பெரிதாக இருந்தது. எந்தத் தாய்க்குத்தான் அப்படி இராது?

90 மைல் நின்ற பயணம்

1944ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், நம்மைப் போலவே பதினைந்து வயது நிரம்பியிருந்த மார்ட்டின், டப்ளின் என்ற ஊரில் நடந்த பேச்சுப் போட்டிக்குத் தம் ஆசிரியையுடன் சென்றார். கறுப்பின மக்களும் அரசியல் சட்டமும் என்பதே அவர் பேசிய பொருள். அன்று இரவு பஸ்ஸில் திரும்பும்போது, வெள்ளையர் சிலர் ஏறியதும் இவ்விருவரும் எழுந்து இடம்விட வேண்டும் என்று ஓட்டுநர் உத்தரவிட்டார். உடனே எழாததால் வசை பாடினார். மார்ட்டின் அமர்ந்தே இருக்க நினைத்தார். ஆசிரியையோ, சட்டத்துக்குக் கீழ்ப்படிவோம் என்று கெஞ்சி அவரை எழச் செய்தார். அட்லாண்டா வரை 90 மைல் தூரம் இருவரும் நின்றுகொண்டே வந்தனர். தம் வாழ்நாளில் அன்றுபோல் என்றும் சினம் கொண்டதில்லை என்று கிங் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

சட்டத்தின் பெருமையை மேடையில் பேசிவிட்டு, அதே சட்டத்தின் பெயரால் இருக்கையை இழந்து நின்ற அம்மாணவரை எண்ணிப் பாருங்கள். அந்த ஆசிரியையும் தம் மாணவரை உயிரோடு பெற்றோரிடம் சேர்க்கவே விரும்பினார். தந்தை கற்பித்த நிமிர்வும் ஆசிரியை கற்பித்த கீழ்ப்படிதலும் அந்த இளம் உள்ளத்தில் மோதின. இரண்டையும் இணைக்கும் வழி எது? கிங் தம் வாழ்நாள் முழுதும் தேடியது இதற்கான விடையையே என்று நமக்குத் தோன்றுகிறது.

மாண்ட்கோமரி

அவ்வாண்டே மோர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்த கிங், பின்னர் இறையியல் பயின்று, பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1955ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். 1953ஆம் ஆண்டில் கொரெட்டா ஸ்காட் என்ற நங்கையை மணந்தார். அடுத்த ஆண்டு அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் போதகர் பொறுப்பை ஏற்றார்.

1955 டிசம்பர் முதல் நாள், பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற தையற்காரப் பெண்மணியைக் காவலர் கைது செய்தனர். நகரின் கறுப்பின மக்கள் அனைவரும் பஸ்ஸைப் புறக்கணித்தனர். 26 வயதே நிரம்பிய கிங் அவர்களுக்குத் தலைவரானார். 381 நாட்கள் மக்கள் நடந்தே வேலைக்குச் சென்றனர்.

1956 ஜனவரித் திங்களில், 25 மைல் வேகத்தில் செல்ல வேண்டிய இடத்தில் 30 மைல் வேகத்தில் சென்றதாகக் கூறிக் காவலர் அவரைத் தங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டனர். சிறைச்சாலை எங்கிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. வண்டி இருண்ட சாலை வழியாகச் செல்லவே, ஏதோ ஒரு கும்பலிடம் தம்மை ஒப்படைக்கப் போகிறார்கள் என்று எண்ணி அவர் உடல் நடுங்கிற்று. முடிவில் சிறைச்சாலையின் பெயர்ப் பலகையைக் கண்டதும்தான் நிம்மதி அடைந்தாராம்! சிறையைக் கண்டு ஒருவர் மகிழ வேண்டுமானால், அவர் காவலரிடம் எவ்வளவு அஞ்சியிருக்க வேண்டும்! அவர் அச்சம் அறியாதவர் அல்லர். அஞ்சிக்கொண்டே முன்சென்றவர்.

சில நாட்களில் அவர் வீட்டில் குண்டு வீசப்பட்டது. மனைவியும் பிறந்து சில வாரங்களே ஆன மகள் யொலாண்டாவும் அதிர்ஷ்டவசமாக உயிர் தப்பினர். சினம் கொண்ட மக்கள் ஆயுதங்களுடன் வீட்டின் முன் திரண்டனர். காவலரும் எதிரே நின்றனர். ஒரு பொறி பட்டிருந்தால் குருதி ஆறு ஓடியிருக்கும். கிங் வெளியே வந்து, ஆயுதங்களை வீட்டுக்குக் கொண்டுபோகும்படியும், பகைவரையும் நேசிக்கும்படியும் வேண்டினார். மக்கள் கலைந்து சென்றனர். அச்சத்தால் பணிவதும் சினத்தால் அடிப்பதும் அல்லாத மூன்றாவது வழியை அந்நகரம் அன்று கண்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, 1956 டிசம்பரில் மாண்ட்கோமரி பஸ்களில் பிரிவினை ஒழிந்தது.

நம் நாட்டில் கிங்

காந்தியடிகளின் அறவழியைத் தம் வழியாகக் கொண்ட கிங், 1959ஆம் ஆண்டு மனைவியுடன் இந்தியா வந்து ஒரு திங்கள் காலம் சுற்றினார். கன்னியாகுமரியில் கதிரவன் கடலில் மறைவதையும் நிலவு எழுவதையும் கண்டு மகிழ்ந்தார். திருவனந்தபுரத்தில், தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் பயின்ற பள்ளி ஒன்றுக்குச் சென்றார். தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டத்தகாதவர் என்று மாணவர்களுக்கு அறிமுகம் செய்தார். கிங் முதலில் துணுக்குற்றார். பின்னர் சிந்தித்துப் பார்த்து, ஆம், நானும் அவ்வாறே, என் நாட்டுக் கறுப்பர் ஒவ்வொருவரும் அவ்வாறே என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். இந்நிகழ்ச்சியைப் பல ஆண்டுகளுக்குப் பின் தம் ஆலயத்தில் அவரே எடுத்துரைத்தார்.

தந்தையான போது

லட்சக்கணக்கான மக்கள் முன் மடை திறந்த வெள்ளம்போல் பேசியவர் கிங். ஆனால் ஆறு வயது மகள் யொலாண்டா, தொலைக்காட்சி விளம்பரத்தில் கண்ட கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போகும்படி கேட்டபோது அவருக்கு நாக்கு எழவில்லை. அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை என்று எப்படிச் சொல்வது? தம் அன்னை மடியில் கேட்ட பாடத்தைத் தாமே தம் குழந்தைக்கு நடத்த வேண்டிய நாள் வந்துவிட்டதே என்று அவர் நெஞ்சம் புண்பட்டது. 1963ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று பர்மிங்காம் நகரில் கைதாகி, சிறையிலிருந்து எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் இந்த வேதனையையும் அவர் குறிப்பிட்டார்.

அவ்வாண்டு மே 2ஆம் நாள், பர்மிங்காமின் பள்ளிப் பிள்ளைகள் பாடிக்கொண்டே ஊர்வலமாகப் புறப்பட்டனர். பெற்றோர் சிறை சென்றால் வேலை போகும், குடும்பம் பட்டினி கிடக்கும். ஆகவே பிள்ளைகள் முன்வந்தனர். பிள்ளைகளை ஈடுபடுத்துவது தகுமா என்று கிங் மிகவும் தயங்கினார். பலர் அவரைக் குறை கூறவும் செய்தனர். காவலரைக் கண்டால் ஒதுங்கிப் போ என்று கேட்டு வளர்ந்த அப்பிள்ளைகளுக்கு இப்போது புதிய பாடம் கற்பிக்கப்பட்டது. அடித்தாலும் திருப்பி அடிக்காதே, ஆனால் அஞ்சி ஓடவும் செய்யாதே என்பதே அது. முதல் நாளிலேயே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் சிறைப்பட்டனர். மறுநாள் காவல்துறைத் தலைமை அவர்கள்மீது நாய்களை ஏவிவிட்டது. தீயணைப்புக் குழாய்களின் நீர்வீச்சு சிறுமியரைத் தெருவில் உருட்டித் தள்ளியது. அந்தப் படங்களைக் கண்ட உலகம் வெட்கித் தலைகுனிந்தது. கலங்கி நின்ற பெற்றோருக்குக் கிங் ஆறுதல் கூறித் தைரியமூட்டினார். சில நாட்களில் நகரத் தலைவர்கள் உடன்பாட்டுக்கு வந்தனர்.

ஆனால் வெற்றியின் விலை கொடியது. அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள் ஞாயிறன்று, அதே நகரின் ஆலயம் ஒன்றில் வெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமியர் மாண்டனர். மூவருக்கு 14 வயது; ஒருத்திக்கு 11. நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கும் வயதுதான். இதை எழுதும்போது நம் கை தயங்குகிறது.

வெற்றியும் மறைவும்

1963 ஆகஸ்ட் 28ஆம் நாள் வாஷிங்டன் நகரில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் மக்கள் முன் கிங் தம் கனவை எடுத்துரைத்தார். 1964இல் குடியுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. அவ்வாண்டே, 35ஆம் வயதில், அமைதிக்கான நோபல் பரிசு அவரை அடைந்தது. 1965 மார்ச் 7ஆம் நாள் செல்மா நகரில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைக் காவல்படையினர் தடியால் அடித்து வீழ்த்தியபோது, அவர் விடுத்த அழைப்பை ஏற்று நாடெங்குமிருந்து துறவியரும் போதகரும் விரைந்தனர். கத்தோலிக்க அருட்சகோதரிகள் தங்கள் துறவற உடையிலேயே காவலரின் எதிரே வந்து நின்றனர். அவர்களுள் சகோதரி மேரி அன்டோனா ஈபோ என்ற கறுப்பினக் கன்னியரும் ஒருவர் என்பது நமக்குப் பெருமை தருகிறது. அவ்வாண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் பிறந்தது.

1968 ஏப்ரல் 4ஆம் நாள், மெம்பிஸ் நகரில் துப்புரவுத் தொழிலாளருக்காகப் போராடச் சென்றிருந்த கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39. ஏறத்தாழ 30 முறை கைதானவர். ஒருமுறையேனும் கை ஓங்காதவர். நான்கு பிள்ளைகள் தந்தையை இழந்தனர். 1974இல் அவரைப் பெற்ற அன்னையும், ஞாயிறு வழிபாட்டில் ஆர்கன் வாசிக்கையில் சுடப்பட்டு இறந்தார். மகனையும் மனைவியையும் பறிகொடுத்த முதிய தந்தை, எவரையும் வெறுக்க மாட்டேன் என்ற உறுதியில் நின்று 1984இல் கண் மூடினார். 1986 முதல் கிங் பிறந்த நாள் அமெரிக்காவில் தேசிய விடுமுறையாகக் கொண்டாடப்படுகிறது.

இன்றும் முடியாத பாடம்

சட்டங்கள் மாறின. இன்று அமெரிக்கக் காவல்துறையில் கறுப்பின அதிகாரிகள் பலர் உள்ளனர். ஆயினும் வீடுகளில் அந்தப் பழைய பாடம் நிற்கவில்லை. 2014இல் கிளீவ்லாந்து நகரில் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிய 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் காவலரால் சுடப்பட்டு இறந்தான். அதன்பின் பொம்மைத் துப்பாக்கி வாங்கித் தரவும் தாய்மார் அஞ்சினர். 2020 மே 25ஆம் நாள் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்பவர், கழுத்தில் காவலரின் முழங்கால் அழுத்த, மூச்சுவிட இயலாமல் மாண்டார். நடைபாதையில் நின்ற 17 வயதுப் பெண்ணொருத்தி அதைத் தன் கைப்பேசியில் படம் பிடித்திராவிட்டால் உலகம் அதை அறிந்திராது. அவள் கூச்சலிட்டு ஓடவில்லை. கை நடுங்க நின்று பார்த்தாள், பதிவு செய்தாள். மறு ஆண்டு அக்காவலர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. அந்தப் பெண்ணிடம் கிங்கின் பாடத்தை நாம் காண்கிறோம்.

எல்லாக் காவலரும் தீயவர் என்று நாம் கூறவில்லை. நம் தோழியர் சிலரின் தந்தையரும் காவல் பணியில் இருக்கின்றனர். இரவில் நாம் உறங்க அவர்கள் விழித்திருக்கின்றனர். காவலரை மதிக்கக் கற்பது நல்லதே. ஆனால் ஒரு தாய் தன் பிள்ளைக்கு மதிப்பைக் கற்பிக்கிறாளா, அச்சத்தைக் கற்பிக்கிறாளா என்பதைக் கொண்டே அந்த நாட்டின் நீதியை அளந்துவிடலாம்.

திருவனந்தபுரத்துப் பள்ளியில் கிங் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். நாமும் நம்மைக் கேட்டுக்கொள்வோம். எந்தத் தெருவில் எப்படி நடக்க வேண்டும், யார் முன் எங்கே நிற்க வேண்டும் என்று பிறப்பைக் காரணம் காட்டிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் தாய் நம் நாட்டில் இன்று இல்லையா? அவளுடைய மகள் நம் பக்கத்து பெஞ்சில் அமர்ந்திருக்கலாம். நாம் அறிய மாட்டோம். நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த ஆண்டு பள்ளியை முடித்து நாம் வெளியேறுகிறோம். நாளை நாமும் தாய்மார் ஆவோம். நம்மில் சிலர் காவல் அதிகாரிகளாகவும் ஆகலாம். உயிரைக் காத்துக்கொள் என்ற பாடத்தோடு, நீ யாருக்கும் தாழ்ந்தவள் அல்ல, உனக்குத் தாழ்ந்தவரும் யாரும் இல்லை என்ற பாடத்தையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவோம். முதற்பாடம் தேவைப்படாத நாள் வரும்வரை இரண்டாவதை நாம் மறவாதிருப்போமாக!